தாராபுரத்தில் விசாரித்த போஸ்ட்டாக்

மாட்டுக்கொட்டகையில் ஒரு பழைய லேத்தைப் போட்டுத் தொழில் தொடங்கியவன் நான். அதிலிருந்து வார்ப்புப் பட்டறை, பட்டறையிலிருந்து பம்பு கம்பெனி. பாங்கு மேனேஜர் கையை விரித்தார், சொந்த மாமனாரே சிரித்தார். ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன் செய்த பம்பு இன்று மூன்று மாநிலத்துக் கிணறுகளில் ஓடுகிறது. என் மகளுக்குப் போஸ்ட்டாக் அமைத்துக் கொடுத்ததும் நான்தான். அவள்தான் ஒப்புக்கொள்வதில்லை.

பாறைக்குள் தண்ணீர் எப்படி நகர்கிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு டாக்டர் பட்டம் வாங்கியவள் அவள். பட்டத்துக்குப் பிறகு பெரிய பேராசிரியர் ஒருவரிடம் இரண்டு மூன்று வருடம் ஆராய்ச்சி செய்ய வேண்டுமாம், அதுதான் போஸ்ட்டாக். நாடு நாடாக ஈமெயில் போட்டாள், பதில் இல்லை. ஆடி முடிவதற்குள் கிடைக்காவிட்டால் தண்ணீரை விட்டுவிட்டு ஏதாவது சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்துவிடுவதாகச் சொன்னாள். அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

"எந்த வாத்தியார்கிட்டப் போகோணும்னு ஆசை, அம்மணி?"

ஜெர்மனியில் ஒருவரைக் காட்டினாள். வெப்சைட்டில் அவரும் அவருடைய ஆட்களும் நிற்கும் படம்.

"ஆளைப் பத்தி விசாரிச்சியா?"

"அவரோட பேப்பரெல்லாம் படிச்சிருக்கறனுங்கப்பா."

"கல்யாணப் பத்திரிகையைப் படிச்சுப்போட்டா பொண்ணு குடுக்கறாங்க? ஊருக்குள்ள நாலு பேரைக் கேக்க வேண்டாமா?"

"அப்பா, இது கல்யாணமில்லீங்க!"

படத்தின் ஓரத்தில் நின்ற பையனுக்கு நம் பக்கத்து முகம், நம் பக்கத்துப் பெயர். என் பம்பு டீலர்களுக்குப் படத்தை அனுப்பினேன். "எங்க வீதிப் பையனுங்க" என்றார் தாராபுரத்து டீலர். மறுநாள் காலை மகளிடம் சொல்லாமல் காரை எடுத்தேன்.

பையனின் அம்மா கதவைத் திறந்தார். "எனக்கு ஒரு பொண்ணுங்க. ஜெர்மனிக்கு அனுப்பறதா இருக்கறோம். கொஞ்சம் விசாரிக்கோணுமுங்க" என்றேன். ஒரு சொல் பொய்யில்லை. அந்த அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. சூடாகச் சந்தகை வந்தது, தேங்காய்ப்பால் வந்தது, இலைக்குப் பக்கத்தில் பையனின் ஜாதகமும் வந்தது. இரண்டாவது தடவை சந்தகை போடும் வரை நான் எதையும் திருத்தவில்லை. நல்ல பசி.

கை கழுவிய பிறகு சொன்னேன்: "விசாரிக்க வந்தது உங்க பையனையில்லீங்க. பையனோட வாத்தியாரை."

அவர் கரண்டியோடு நின்றார். பிறகு சிரித்துவிட்டார். "ஏனுங்க, இதைச் சந்தகைக்கு முன்னாலயே சொல்லக்கூடாதுங்களா?" இருந்தும் மகனை வீடியோவில் கூப்பிட்டுக் கொடுத்தார்.

பையன் என்னை மாமா என்றுதான் அழைத்தான். அம்மா அதற்குள் என்ன சொல்லி வைத்திருந்தாரோ. "தங்கமான மனுசனுங்க மாமா. ஈமெயிலைத்தான் பாக்க மாட்டாரு. இங்க ஒருத்தர் பாதியிலயே போறாருங்க, அந்த இடத்துக்கு இன்னும் விளம்பரம் போடலைங்க. உங்க பொண்ணைச் செஞ்ச ஆராய்ச்சியெல்லாம் எனக்கு அனுப்பச் சொல்லுங்க, அவர்கிட்ட நேர்லயே காட்டிப்போடறேன்."

வீட்டில் மகள் குதித்தாள். "மானத்தை வாங்கிப்போட்டீங்களேப்பா!" குதித்துக்கொண்டே அனுப்பியும் விட்டாள். பேராசிரியர் வீடியோவில் அரை நாள் துருவித் துருவிக் கேட்டார். அத்தனைக்கும் அவளே பதில் சொன்னாள். அந்தப் பெருமை அவளுடையது, அதில் நான் பங்கு கேட்கவில்லை. ஆடி பிறப்பதற்குள் வேலை வந்துவிட்டது.

போன வாரம் அங்கிருந்து அவளுடைய முதல் பேப்பர் வெளிவந்தது. கடைசியில் நன்றி என்று ஒரு பத்தி இருக்கிறது. போனில் படித்துக் காட்டச் சொன்னேன். பேராசிரியருக்கு நன்றி, பண உதவி செய்தவர்களுக்கு நன்றி, கணக்குப் போட்ட கம்ப்யூட்டருக்கும் நன்றி. அந்தக் கம்ப்யூட்டரா தாராபுரம் போய் விசாரித்தது? அடுத்த பேப்பரில் என் பெயர் வர வேண்டும், கம்ப்யூட்டருக்கு மேல் வரியில்.