அப்பா பாட்டும் ஆம்ப்ளிஃபயரும்

சேக்காட்டில் எங்கள் மாடி வீட்டில் அம்மா படுத்த படுக்கை. காதும் மந்தம். இறந்துபோன அப்பா பாடியது என் போனில் இருந்தது. "ஒருதரம் கேட்டுட்டுப் போயிடுறேன்டா" என்றாள்.

சின்ன ஆம்ப்ளிஃபயர் வாங்கி, ஸ்பீக்கர்களை மாட்டினேன். போட்டதுமே அதன் விளக்கு எரிந்து அணைந்தது; பாட்டு வரவில்லை. பத்து தடவை முயன்றேன். அம்மாவுக்கு மூச்சு இரைத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வேறு வழியில்லாமல் கீழ்வீட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். எங்கள் டிவி சத்தத்துக்காக என்னோடு வருஷக்கணக்காகச் சண்டை போடுபவர். குனிந்து பார்த்தார்.

"இன்னாப்பா, ஒயரை இவ்ளோ உரிச்சு வெச்சிக்கீறே? ரெண்டு கம்பியும் ஒட்டிக்கினு கீது."

பிரித்து, முறுக்கிச் சொருகினார். அப்பா பாடினார். எலக்ட்ரீஷியன் நிற்கிறாரே என்று சத்தத்தைக் குறைத்தேன். கையைத் தட்டிவிட்டார்.

"கூட்டு நைனா. அம்மாவுக்குக் கேக்கணும்ல?"

அம்மாவின் உதடுகள் கூடவே அசைந்தன. அந்த மனிதரைத்தான் கல்நெஞ்சன் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.