மஹதி எடுத்த நீண்ட வழி

எங்கள் கஸ்தூரிபா நகர் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால், மாலை விமானங்கள் கடல் பக்கமிருந்து வந்து மீனம்பாக்கத்தை நோக்கித் தாழ்வது தெரியும். முதலில் வெளிச்சம் வரும், சத்தம் பிறகுதான். அந்த இடைவெளியைக் கீழ்வீட்டு மஹதி விரல்விட்டு எண்ணுவாள்.

இயற்பியல் பட்டம் வாங்கியிருந்தாள். ஆறு வயதிலிருந்து பாட்டு. விமானம் ஓட்டும் ஆசை எப்போது வந்தது என்று கேட்டால் சிரிப்பாள்.

தொண்ணூற்றைந்தில் தனியார் விமானக் கம்பெனிகள் ஆள் தேடிக்கொண்டிருந்தன. அவளுக்கு இரண்டு வழிகள் இருந்தன. அமெரிக்க விமானப் பள்ளியில் சேர்ந்தால் பத்து மாதத்தில் லைசென்ஸ்; திரும்பி வந்து இங்கே சில தேர்வுகள் எழுதினால் போதும். இல்லையென்றால், ஊருக்கு வெளியே இருந்த ஃப்ளையிங் கிளப்பில், மழை மேகம் பார்த்து, முறை வரக் காத்திருந்து, அரை மணி ஒரு மணியாகப் பறந்து, லைசென்ஸுக்கு வேண்டிய இருநூறு மணி நேரம் சேர்க்க மூன்று வருடம் ஆகும். அவள் அப்பா கல்யாணராமன் அமெரிக்கா என்று முடிவே செய்துவிட்டார். விண்ணப்பம் வெள்ளிக்கிழமைக்குள் போயாக வேண்டும். அதுவரை கிளப்பில் சில மணி நேரம் பறந்து பார்க்கட்டும் என்று விட்டிருந்தார்.

கிளப்பில் தந்த கார்டைப் பார்த்து, கிளம்புமுன் சரிபார்க்க வேண்டியவற்றை மஹதி ஆதி தாளத்தில் மனப்பாடம் செய்தாள். கண்ணை மூடி, தொடையில் தட்டி, விரல் எண்ணி, கையைத் திருப்பி, கதவு, பெல்ட், பெட்ரோல் என்று எண்ணிக்கைக்கு ஒன்றாகப் போவாள். எட்டு எண்ணிக்கையில் மாடியே மெல்ல நகரத் தொடங்கியதுபோல இருக்கும்.

புதன்கிழமை ஸ்கூட்டரில் அவளைக் கிளப்புக்குக் கூட்டிப்போனேன். அவளும் பயிற்றுநரும் ஏறிய சின்ன விமானம் புல்வெளியோரம் ஊர்ந்து ஓடுபாதை முனையில் நின்றது. மேலே எழும் என்று பார்த்தேன். வீட்டில் எதையோ மறந்துவந்த ஆளைப் போல அது மெதுவாகத் திரும்பி வந்தது.

பயிற்றுநர் வஹீத் எங்களைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். குதித்து இறங்கினார்.

"இன்னா மேடம், கச்சேரியா? தொடைல தட்டிக்கினே செக் பண்றீங்க!"

"எல்லாம் சொன்னேனே சார்."

"எட்டு சொன்னீங்க. கார்டுல ஒம்போது கீது. ட்ரிம் எங்க?"

விமானத்தின் மூக்கைச் சமனில் வைக்கும் சிறு சக்கரம் அது. மஹதி மறுபடி விரல்களை எண்ணிப் பார்த்தாள். எட்டு முடிந்ததும் கை தானாக முதல் தட்டுக்குப் போய்விட்டது.

"தாளத்துல எடமில்ல சார். எப்போ விட்டேன்னே தெரியல."

"அதுக்குத்தான் கார்ட பாத்துப் படிக்கச் சொல்றது. நாளைக்கு வாங்க."

கிளப்பில் நடந்ததை மஹதி சொல்லக் கேட்டிருந்த கல்யாணராமன், சாயங்காலம் விண்ணப்பத்தோடு நாங்கள் இருந்த மாடிக்கு வந்தார். அவள் அம்மா காமாக்ஷி காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"கையெழுத்துப் போடு."

"வேண்டாம்பா. கிளப்லயே கத்துக்கறேன்."

"ஒரு தப்புக்காகவா? அங்கேயும் நன்னாத்தான் சொல்லித் தருவா."

"தருவா. ஆனா என்னைப் பத்து மாசத்துல அடைச்சா, அடங்காததை அந்த ட்ரிம் மாதிரி நானே வெளியில தள்ளிடுவேன். தள்ளினது எதுன்னும் தெரியாது. அதான் பயமா இருக்கு."

"மூணு வருஷத்துல வேலையெல்லாம் போயிடும்டி."

"போகலாம்பா."

"ஒரே வர்ணத்தை ஒன்றரை வருஷம் பாடினவதானே," என்றார் காமாக்ஷி, ஒரு புடவையை உதறியபடி. "நம்ம காதுதான் பாவம்."

கல்யாணராமன் சிரிக்கவில்லை. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். என் பக்கம் திரும்பினார்.

"தினம் உன் ஸ்கூட்டரை நம்பிண்டு இருக்க முடியுமா? கிளப்புக்கு இங்கேர்ந்து பஸ் போறதோ?"

"போகுது மாமா," என்றேன். "ரெண்டு எடத்துல மாறணும்."