மண்ணெண்ணெய் முடிந்தபோது மந்திரி சொன்னது

தொலைக்காட்சியில் கேள்வி கேட்டே அரசியல்வாதிகளை வியர்க்க வைத்த அந்த மனிதர் இன்று இறந்துவிட்டார். குருநகர்ச் சந்தையில் மீன் விற்கும் பிலோமினா அக்காவிடம் சொன்னேன். வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தார்.

சண்டைக் காலத்தில் எங்கள் தெருவுக்கே ஜெனரேற்றரில் ஓடிய ஒரு ரீவிதான். "கடலில் பிடித்துக்கொண்டு போன மீனவர்கள் எங்கே?" என்று ஒருநாள் அந்த ரீவியில் இந்த மனிதர் மந்திரியைக் கேட்டார். அக்காவின் புருஷனும் அப்படிப் போனவர்தான். மந்திரி வாயைத் திறந்தார். ஜெனரேற்றரில் மண்ணெண்ணெய் முடிந்து ரீவி அணைந்துவிட்டது.

"தம்பி, அந்த மந்திரி என்ன சொன்னதெண்டு உன்ரை போனிலை பாரடா" என்றார் அக்கா.

தேடினேன். இல்லை.

"மந்திரி உண்மையே சொல்லியிருப்பார், அக்கா?" என்று பகிடி விட்டேன்.

"பொய்யெண்டாலும் கேக்கவேணும்." அவர் சிரிக்கவில்லை.

அன்று கொழும்பில் கரண்டோடு இருந்து பார்த்தவர்கள், மந்திரி சொன்னதைக் கீழே எழுதுங்கள். நாளைக்கும் நான் அக்காவிடம்தான் மீன் வாங்க வேண்டும்.