மூன்று மணிக்கு நாலு அடிக்கும் கடிகாரம்

வானொலி நிலையத்தில் அவளுக்கு 'ஒரு நிமிஷம்' என்று பெயர். இருபத்தாறு வருடம், நாலு மாதமாக ஒலிப்பதிவாளர். எழுத்தாளர் வீடோ மீன் சந்தையோ, எங்கே பேட்டி எடுத்தாலும் கடைசியில் விரலைத் தூக்கி, "ஒரு நிமிஷம், யாரும் பேசாதீங்க" என்பாள். அந்த இடத்தின் வெறும் சத்தத்தை அறுபது விநாடி பதிவு செய்துகொள்வாள். பேச்சுக்கு அடியில் அதை விரித்துவிட்டால் வெட்டி ஒட்டிய இடம் காதுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை குழாய்க்காரர் வீட்டிலும் அப்படியே செய்தாள். சாயப்பட்டறைக் கழிவை ஆற்றுக்குள் திறந்துவிடுவது அவர் வேலை.

"எல்லாத்தையும் சொல்லிடறேம்மா. நான்தான்னு தெரிஞ்சா தொலைஞ்சேன்" என்றார். போன வருடம் வாய் திறந்த ஒருவருக்குக் கை ஒடிந்தது. பட்டறை சூப்பர்வைசரோ இவர் வீட்டு மாடியிலேயே குடியிருந்தார்.

"பேரும் வராது, குரலும் வராது. நீங்க சொன்னதை அறிவிப்பாளர் படிப்பார். என்னை நம்புங்கண்ணே."

அந்த வெறும் நிமிடத்தின் நாற்பதாவது விநாடியில், மூன்று மணிக்கு, சுவர்க் கடிகாரம் நாலு அடித்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"எங்க வீட்டுக்காரர் மாதிரிதான். எப்பவும் ஒண்ணு கூட" என்றாள் அவர் மனைவி. "தெருவுக்கே தெரியும். மாடிக்காரர் இதுல ஒண்ணைக் கழிச்சுப் பார்த்துத்தான் வேலைக்குக் கிளம்புவார்."

ஒலிப்பதிவாளரும் சிரித்தாள். மறுநாள் அறிவிப்பாளரின் குரலுக்கு அடியில், கைப்பழக்கத்தில், அந்த நிமிடத்தையே திரும்பத் திரும்ப ஓடவிட்டுச் சேர்த்தாள். மணிச் சத்தம் காதில் விழாமல் இல்லை. நல்ல வீட்டுச் சத்தம் என்று நினைத்ததோடு சரி.

செவ்வாய்க்கிழமை காலை 9.48க்கு அந்தப் பகுதி ஒலிபரப்பானது. கடிகாரம் நாலு அடித்தது. பக்கத்திலிருந்த அறிவிப்பாளர் பதிவுச் சீட்டைப் பார்த்தார்.

"என்னக்கா, மூணு மணிப் பதிவுன்னு எழுதியிருக்கீங்க. கடிகாரத்துக்கு என்ன அவசரம்?"

தெருவுக்கே தெரிந்த கடிகாரம். இன்னும் ஒரு நிமிடத்தில் அது மறுபடி அடிக்கும்.

"நிறுத்துங்க."

"ஒலிபரப்புல இருக்குக்கா!"

அவளே கையை நீட்டி ஒலியளவுப் பிடியைக் கீழே இழுத்து நிறுத்தினாள். பதினோரு விநாடி வானொலி ஊமையாக இருந்தது. அறிவிப்பாளர் தட்டுத் தடுமாறி, அடுத்து வரவேண்டிய கதை வாசிப்பைப் போட்டார். அவள் ஒலிபரப்பு நாள்குறிப்பில், 9.49, தொழில்நுட்பக் கோளாறு என்று எழுதினாள். அதில் அவள் எழுதிய முதல் பொய் அது.

மாடி வீட்டில் ரேடியோ காலை முழுக்க ஓடும் என்று குழாய்க்காரர் மனைவி சொல்லியிருந்தாள். அது அவளுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. 9.58க்கு ஒதுக்குப்புறமாகப் போய் குழாய்க்காரர் வீட்டுக்கு போன் செய்தாள். அவர் வேலைக்குப் போயிருந்தார். மனைவிதான் எடுத்தாள்.

"கேட்டேம்மா... நம்ம கடிகாரமேதான். உசிரே போயிடுச்சு."

"என் தப்புதான் அண்ணி. மாடிக்காரர் எங்கே?"

"மேலதான் நடக்கற சத்தம் கேக்குது. நீங்க பயப்படாதீங்க. சத்தமே வராதபடி பண்ணிட்டேன். ஊசலைக் கழட்டித் துணிக்கு அடியில ஒளிச்சு வச்சுட்டேன்."

ஒலிப்பதிவாளர் நிமிர்ந்து நிலையத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து மணி தாண்டி இருபது விநாடி.

"ஐயோ, திரும்ப மாட்டிடுங்க! இப்பவே!"

"ஏம்மா?"

பதில் சொல்வதற்குள் படியில் செருப்புச் சத்தம் இறங்கி வருவது போனிலேயே கேட்டது. பிறகு ஓர் ஆண்குரல், கோபம் துளியும் இல்லாமல், அக்கம்பக்கத்தார் விசாரிக்கிற மாதிரி:

"என்னம்மா, பத்தாயிடுச்சே. உன் கடிகாரம் இன்னிக்குப் பதினொண்ணு அடிக்கலையே?"

அந்த வீட்டின் வெறும் சத்தம் மட்டும் காதுக்குள் வந்துகொண்டிருந்தது. ஒலிப்பதிவாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டு விநாடி முள்ளைப் பார்த்து எண்ணினாள். ஐந்து. ஆறு. ஏழு.