பம்பருக்கு அடியில் மூன்று சொல்

அவள் பேரை நான் முதன்முதலில் கேட்டது எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தபோது. பேச்சைக் கொண்டுவந்தவள் என் அம்மாவுக்குப் பெரியம்மா மகள், எனக்குச் சித்தி முறை. மாப்பிள்ளைக்கு அப்பா அம்மா கிடையாது, குடி கிடையாது, வம்பு வழக்கு கிடையாது என்று இல்லாததையெல்லாம் வரிசையாகச் சொல்லி முடித்துவிட்டு, போகிற போக்கில், "ஒரே ஒரு தங்கச்சி. மினுக்கின்னு கூப்பிடுவாங்க" என்றாள்.

அம்மா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னது, மினுக்கியா?"

"ஆமாக்கா."

"ஊரே மினுக்கின்னு கூப்பிடுற பொண்ணு இருக்கிற வீட்டுக்கா எம் பொண்ணை அனுப்பச் சொல்றே? நல்லா இருக்குடி நீ கொண்டுவந்த சம்பந்தம்!"

சித்திக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "அவளை ஒரு தடவை பார்த்துட்டு அப்புறம் பேசுக்கா" என்றாள்.

கல்யாணக் கூட்டத்தில் அவளைச் சரியாகப் பார்க்கவில்லை. நன்றாகப் பார்த்தது, மறுவீடு முடிந்து பெட்டியோடு அந்த வீட்டுக்குள் போன அன்றைக்குத்தான். சாம்பல் நிறத்தில் வெளுத்த சேலை. முகத்தில் பவுடர் கூடக் கிடையாது. "வாங்க அண்ணி" என்று என் பெட்டியை வாங்கக் கையை நீட்டினாள். வெயில் அவள்மேல் விழுந்ததும் புருவத்தில் ஒன்று, காதோரம் ஒன்று, முழங்கையில் நாலைந்து என்று பொடிப்பொடியாக ஏதோ மின்னியது.

"மீன் கழுவிட்டு வர்றியா?" என்று கேட்டேன். புது மருமகள் கேட்கிற கேள்வியா அது! வாய் சும்மா இருக்காது எனக்கு.

"இல்ல அண்ணி, கார் செஞ்சிட்டு வர்றேன்" என்றாள்.

இரண்டு தெரு தள்ளி ஒரு கிடங்கின் மாடியில் பட்டறை. ரோட்டில் ஓடுகிற காரை அப்படியே சுருக்கி, ஒரு சாண் நீளத்தில் செய்து, பெட்டியில் போட்டு வெளியூர்களுக்கு அனுப்புவார்கள். பொம்மைக்கார் என்று சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. "பிள்ளைங்க கையில குடுக்கிறதுக்கு இல்ல அண்ணி. பெரிய ஆளுங்க வாங்கி அலமாரியில வச்சுப் பாக்குறது."

"பெரிய ஆளுங்களுக்கு வேற வேலை இல்லையாக்கும்?"

"அவங்களுக்கு இல்லாததாலதான் எனக்கு இருக்கு."

பெயின்ட் அடித்து மெருகேற்றி வருகிற காருக்கு வெள்ளி வைப்பது அவள் வேலை. ஜன்னல் ஓரம், கதவுக் கைப்பிடி, விளக்கு வளையம், முன் பம்பர், பின் பம்பர். நிஜக் காரில் குரோம் பளபளக்கிற இடமெல்லாம் இதிலும் பளபளக்க வேண்டும். பால் ஏட்டைவிட மெல்லிசான ஒரு வெள்ளித்தாள், அடியில் பசை. அதை நூல் மாதிரி நறுக்கி, பிளேடு நுனியால் தூக்கி, ஜன்னல் ஓரத்தில் படுக்க வைத்து, பல்குத்தும் குச்சியால் தேய்த்துத் தேய்த்து உட்கார வைப்பாள். பிறகு புது பிளேடால் ஓரம் வெட்டுவாள். அழுத்தினால் பெயின்ட் கீறும், அழுத்தாவிட்டால் தாள் கிழியும். ஒருநாள் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனவள் பின்னால் நின்று பார்த்தேன். வெட்டுகிற நேரம் மூச்சே விடவில்லை அவள். எனக்குத்தான் மூச்சு முட்டியது. வெட்டி விழுந்த துணுக்குதான் அவள் மேலெல்லாம் ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும். அதனால் வந்த பேர்தான் மினுக்கி.

அந்தத் தாளுக்கு ஒரு குணம் உண்டு. அடியில் என்ன இருந்தாலும் மேலே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு தூசி, ஒரு முடி, ஒரு கீறல் எதையும் மூடாது. "நம்ம பெரியப்பா மாதிரி. ஒண்ணையும் வயித்துல வச்சுக்கத் தெரியாது" என்பாள். ஊர்ச் செய்தி முழுக்க அந்தப் பெரியப்பா வாயிலிருந்துதான் வரும்.

அவளைக் கட்டிக்கொண்டவர் ஒரு டிரைவர். வாடகைக்குப் போகிற பெரிய கறுப்புக் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டி முதலாளியுடையது என்றாலும் பாசமெல்லாம் இவருக்கு. ஒருநாள் கடைத்தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடித்துத் திரும்பியவர், ஒரு பெண் ஜன்னல் ஓரத்தில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார்.

"என்னம்மா, வாங்கப் போறியா?"

"இந்தப் பின்மூலையில வெள்ளிப் பட்டை தூக்கிட்டு நிக்குது. ஒட்டினவங்களுக்குக் கை சரியில்ல."

யாரும் கண்டுபிடிக்காத குறையை ஒருத்தி கண்டுபிடித்துவிட்டாளே என்று அவர் மூன்று நாள் தூங்கவில்லையாம். நாலாம் நாள் என் வீட்டுக்காரரிடம் வந்து பெண் கேட்டார். ரொம்ப நாளைக்கு அந்த மூலையைச் சொல்லித்தான் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கிண்டல் செய்துகொள்வார்கள். அவள் ஒட்டுகிற சின்னக் காரிலெல்லாம் தாளின் இரண்டு நுனியும் அந்தப் பின்மூலையில்தான் வந்து சேரும். மற்றவர்கள் மேல்பக்கம் சேர்ப்பார்கள். அது அவள் கைக்கு அடையாளம்.

எங்கள் தெருவிலேயே வீடு எடுத்தார்கள். மகள் பிறந்தாள். மகளுக்கு மூன்று வயது இருக்கும்போது அந்த மழை நாள் வந்தது.

மத்தியானம் நல்ல மழை. பள்ளிக்கூடத்துச் சுவர் திரும்புகிற இடத்தில் சைக்கிளில் வந்த ஒரு தையல்காரர் காருக்குக் குறுக்கே வந்துவிட்டார். தலையெல்லாம் ரத்தம், அசைவு இல்லை. கூட்டத்தில் எவனோ ஒருத்தன், "ஆள் போயிட்டான்!" என்று கத்தினான். டிரைவர் இறங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு, வண்டிச் சாவியை சீட்டின்மேல் வைத்தார். அப்படியே மழைக்குள் நடந்து போனவர்தான்.

ஆள் போகவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் கண் விழித்தார். ஒரு கால் மட்டும் இரண்டு விரற்கடை குட்டையாகிவிட்டது. "நான்தான் பாக்காம குறுக்க வந்தேன், அந்த டிரைவர் மேல தப்பு இல்ல" என்று போலீசிடம் அவரே சொன்னார். வழக்கு இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் அதை டிரைவருக்கு யார் போய்ச் சொல்வது? என் வீட்டுக்காரர் கார் நிறுத்துகிற இடம் ஒன்று விடாமல் அலைந்தார். 'ஆள் நலம், வழக்கு இல்லை, உடனே வரவும்' என்று பேப்பரில் இரண்டு முறை படத்தோடு போட்டோம். ஒரு தகவலும் இல்லை.

தையல்காரர் நொண்டிக்கொண்டே மாதம் ஒருமுறை வருவார். மகளுக்குப் பாவாடை சட்டை தைத்துக் கொண்டுவருவார். "ஏதாவது தெரிஞ்சுதாம்மா?" என்று கேட்பார். இல்லை என்று தலையாட்டுவாள். ஒருநாள் சொன்னார்: "நான் செத்திருந்தாக்கூட அவர் ஜெயிலுக்குப் போயிட்டு இந்நேரம் திரும்பி வந்திருப்பாரு. பொழச்சு உங்களைக் கெடுத்துட்டேன்."

"அப்படிச் சொல்லாதீங்க அண்ணே, டீ ஆறுது" என்றாள் மினுக்கி.

மூன்று வருஷம் போனது. ஒரு சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல், "அண்ணி, வண்டி வந்துடுச்சு" என்றாள். நான் அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

"அவர் இல்ல அண்ணி. அந்தக் கறுப்பு வண்டி. அதே வண்டியைப் பட்டறையில சின்னதா செய்யப் போறாங்க."

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. என்ன யோசித்தாள் என்று எனக்கு அப்போது தெரியாது. சில மாதம் கழித்துத்தான் தெரிந்தது. எங்கள் தெருவிலிருந்து அதே பட்டறைக்குப் போகிற ஒரு அக்கா உண்டு. முடிந்த காரைப் பெட்டியில் போடுமுன் சோதிப்பது அவள் வேலை. அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கைப்பையிலிருந்து ஒரு காரை எடுத்துத் திருப்பினாள். பின்பம்பரின் அடிப்பக்கம் வெள்ளித்தாளில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. எனக்குப் படிப்பு கம்மி. எழுத்துக்கூட்டித்தான் படித்தேன்.

ஆள் இருக்கார் வா.

ஊசியால் பம்பரில் எழுதி, அதன்மேல் தாளை ஒட்டித் தேய்த்திருக்கிறாள். அடியில் இருப்பதைத்தான் தாள் மறைக்காதே.

"இது கண்ணுல பட்டதும் கிடங்குல இருக்கிற பெட்டிங்களையும் பிரிச்சுப் பாத்தேன். நாள் ஒண்ணுக்கு ரெண்டு வண்டியில இப்படி எழுதியிருக்கா. மூணு மாசமா நடக்குது போல" என்றாள் அந்த அக்கா. "தெரிஞ்சவளாச்சேன்னு உங்ககிட்ட வந்தேன். இன்னொண்ணு என் கண்ணுல பட்டா மேல சொல்லித்தான் ஆகணும். இல்லன்னா எனக்கும் சேர்த்து வேலை போயிடும்."

அன்றைக்கே அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"அவர் எங்க இருந்தாலும் அந்த வண்டியைக் கடையில பாத்தா நிப்பாரு அண்ணி. கையில எடுப்பாரு. எடுத்தா திருப்பிப் பாக்காம வைக்கமாட்டாரு."

"பேப்பர்ல படத்தோட போட்டே வராதவரு, எறும்பு மாதிரி எழுதினதைப் பாத்தா வரப் போறாரு?"

"பேப்பர்ல யாரு வேணா போடலாம். நான் ஒட்டின தாளுக்கு அடியில என்னைத் தவிர யாரு எழுத முடியும்? என் கை அவருக்குத் தெரியும் அண்ணி."

பதில் தெரியாதபோது எனக்குக் குரல்தான் உயரும். "வேலை போச்சுன்னா உன் மகளுக்கு யாரு சோறு போடுவா? எங்க தலையில கட்டலாம்னு இருக்கியா?" என்று கேட்டுவிட்டேன்.

"சரி அண்ணி, நிறுத்திடுறேன்" என்றாள். சொன்னால் சொன்னதுதான். அதற்குப் பிறகு ஒரு வண்டியில்கூட எழுதவில்லை. அந்தக் கறுப்புக் காரை இன்னும் எட்டு மாதம் செய்தார்கள். நாள் தவறாமல் அதற்கு வெள்ளி ஒட்டினாள்.

டிரைவர் போய்ப் பதினொரு வருஷம் ஆனபோது ஒரு மெக்கானிக் வந்தார். வழி கேட்டு எங்கள் வீட்டுக்குத்தான் முதலில் வந்தார். நான் மினுக்கி வீட்டுக்குக் கூட்டிப்போனேன். தையல்காரரும் அங்கே இருந்தார். மகள் பெரிய வகுப்புக்குப் போகிறாள், அவளுக்குச் சீருடை அளவெடுக்க வந்திருந்தார்.

மெக்கானிக் உட்காரவில்லை. டிரைவரும் தானும் ஒரே அறையில் ஏழு வருஷம் இருந்ததாகச் சொன்னார். வேறு பேர் வைத்துக்கொண்டு, வண்டியே ஓட்டாமல், மெக்கானிக் கடையில் வண்டி கழுவிக்கொண்டிருந்தாராம். மஞ்சள்காமாலை முற்றி, போன மாதம் இறந்துவிட்டார். கடைசி வாரத்தில்தான் ஊரையும் பேரையும் சொன்னாராம்.

"ஒரு ஆளை அடிச்சுக் கொன்னுட்டாராம். அதான் ஊர்ப்பக்கமே வரலன்னு சொன்னாரு. பேப்பர்ல படம் வந்ததையும் பாத்திருக்காரு. போலீஸ் போட்ட தூண்டில்னு நினைச்சுட்டாராம்."

அளவு நாடா தையல்காரர் கையிலிருந்து தரையில் விழுந்தது. "அந்த ஆளு நான்தான்" என்றார்.

"நீங்களா?" என்றார் மெக்கானிக். விளங்கியதும் சுவரோடு சாய்ந்துகொண்டார். மகள் அவர் முகத்தையும் தையல்காரர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் மெக்கானிக் பையைத் திறந்து இரண்டு சட்டையை எடுத்து வைத்தார். அதற்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தார்.

"இதை உங்க கையில குடுக்கச் சொன்னாரு. ஒரு கடையில பாத்துட்டு, 'இது எங்க வீட்டுக்காரி ஒட்டினது, பின்மூலையில பாரு'ன்னு கடைக்காரன்கிட்ட சொல்லி வாங்கிட்டு வந்தாரு. தினம் எடுத்துத் துடைப்பாரு. திருப்பித் திருப்பிப் பாப்பாரு. அப்படி என்னதான் பாக்குறாருன்னு நாங்கள்லாம் கேலி பண்ணுவோம்."

மினுக்கி பெட்டியைத் திறந்தாள். துடைத்துத் துடைத்து ஜன்னல் ஓரத்து வெள்ளி அங்கங்கே தேய்ந்து கறுப்புத் தெரிந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. வண்டியைத் திருப்பினாள். பின்பம்பரின் அடிப்பக்கத்தில் விரலை ஓட்டினாள். பிறகு ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தாள். வழவழவென்று கண்ணாடி மாதிரி இருந்தது, ஒரு கீறல் இல்லை. வண்டியின் வயிற்றுப்பக்கம் பட்டறைக்காரர்கள் மாதமும் வருஷமும் போட்டுச் சின்னதாக முத்திரை குத்துவார்கள். அதைப் படித்தாள்.

"அண்ணி, இது நிறுத்தினதுக்கு அடுத்த மாசத்து வண்டி" என்றாள்.

பால்காரர் வந்துவிட்டார் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகு இத்தனை வருஷத்திலும் இல்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அதற்குக்கூட இடம் கொடுக்கவில்லை.

மெக்கானிக் டீ குடித்துவிட்டுப் போனார். தையல்காரர் பாதியில் விட்ட அளவை எடுத்து முடித்தார். மகளே நாடாவின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

மினுக்கி இன்னும் பதினாறு வருஷம் அந்தப் பட்டறையில் வெள்ளி ஒட்டினாள். கண் மங்கியதும் நின்றுவிட்டாள். அந்தக் காரின் வெள்ளி தேய்ந்து கிடக்கிறதே, நீயே புதுசாக ஒட்டிவிடேன் என்று ஒருமுறை கேட்டேன். "வேண்டாம் அண்ணி, அது அவர் தேய்ச்சது" என்றாள். தையல்காரர் போய்ச் சேர்ந்தார். என் வீட்டுக்காரரும் போய்விட்டார். மகள் கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாள், வா வா என்று கூப்பிடுகிறாள். இவள் போகவில்லை.

அவளுக்கு இப்போது அறுபத்தொன்பது வயது. என் வீட்டில், தெருப்பக்கத்து அறையில் இருக்கிறாள்.