கடை டப்பாவில் என் கைப்பொடி

ஆம், நான் ஏமாற்றினேன். ஒருமுறை அல்ல, ஆண்டுக்கணக்காக. கடையில் வாங்கிய பேக்கிங் பவுடர் என்று எங்கள் வீட்டார் எல்லாரும் நம்பிய அந்தத் தகர டப்பாவில் இருந்தது கடைச் சரக்கே அல்ல. என் கையால் அளந்து, கலந்து, சலித்துக் கொட்டிய பொடி!

இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நீங்கள் சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். உங்கள் கைபட்டதை யாரும் ஒதுக்கி வைக்காதவரை இது உங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும்.

என் பெயர் தேன்மொழி. கொட்டாம்பட்டிப் பக்கம் அடுத்தவர் வயலில் களையெடுத்தவர்களின் பேத்தி. என் அப்பா காலத்தில்தான் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வந்தது. ஒத்தக்கடைக் கல்லூரியில் உடன் படித்த சரவணனைக் காதலித்து மணந்தேன். அவருடைய குடும்பம் தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்திருந்த குடும்பம். இப்போது ஆனையூரில் வீடு. கீழே அத்தை, மாமா, மூத்த மகன், அவர் மனைவி ராசாத்தி அக்கா, அவர்கள் மகள். மாடியில் நாங்கள்.

அத்தை என்னை ஒரு நாளும் வைததில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். நான் கீழே போய் அடுப்பைப் பற்ற வைக்கப் போனால், "ஒனக்கு எதுக்கும்மா செரமம்? வேலைக்குப் போற புள்ள, போயி ஒக்காரு" என்பார். நான் போட்டுக் கொடுத்த காப்பி, ஆறி ஆடை கட்டும்வரை அவர் பக்கத்திலேயே இருக்கும். பிறகு வாழை மரத்தடிக்குப் போகும். எவ்வளவு மரியாதையான ஏற்பாடு! சண்டை போடக்கூட அதில் பிடி கிடைக்காது.

"அம்மா அப்புடித்தேன். கண்டுக்காத" என்பார் சரவணன். கண்டுகொள்ளாமல் இருப்பது அவருக்குச் சுலபம். ஆறிப்போனது அவர் போட்ட காப்பி அல்லவே.

ராசாத்தி அக்கா கேக் செய்வதில் கெட்டிக்காரி. சின்னதாக ஒரு ஓவன் வைத்திருந்தாள். பிறந்தநாளோ கல்யாண நாளோ, அவள் கேக் இல்லாமல் அந்த வீட்டில் எதுவும் நடக்காது. வெளியிலிருந்து வந்தவள் என்ற எண்ணம் எனக்கு மறந்து போவது அவள் பக்கத்தில் நிற்கும்போது மட்டும்தான்.

ஒரு நாள் பாதி வேலையில் அவளுக்குப் பேக்கிங் பவுடர் தீர்ந்துவிட்டது. நான் துள்ளிக்கொண்டு சொன்னேன்: "அக்கா, மாடியில எங்கிட்ட இருக்கு. நானே வீட்டுல செஞ்சது."

அதைச் செய்வது பெரிய வித்தையும் இல்லை. ஆப்பச்சோடா ஒரு பங்கு, கிரீம் ஆஃப் டார்ட்டர் என்கிற புளிப்புப் பொடி இரண்டு பங்கு, சோள மாவு ஒரு பங்கு. ஈரமே படாத கிண்ணத்தில் கலந்து, கட்டியில்லாமல் சலித்து, காய்ந்த கண்ணாடிப் புட்டியில் அடைத்தால் முடிந்தது. சந்தேகம் வந்தால் ஒரு சிட்டிகையை வெந்நீரில் போட வேண்டும். நுரைத்துப் பொங்கினால் உயிரோடு இருக்கிறது. சும்மா கரைந்தால் தூக்கிப் போட்டுவிடலாம்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அத்தையைப் பார்த்தாள்.

அத்தை நிதானமாகச் சொன்னார்: "வீட்ல செஞ்சதெல்லாம் என்னத்துக்கும்மா? கடையில வாங்குனாத்தேன் நம்பிச் சேக்கலாம். செத்த கடைக்குப் போயி ஒரு டப்பா வாங்கிட்டு வந்துரு."

யார் சொல்வது? மிளகாய்ப்பொடியைக் கடையில் வாங்குவதே கேவலம் என்று மொட்டை மாடியில் மிளகாய் காயப்போட்டு அரைக்கும் அத்தை! பஜாரில் விற்கும் பன்னை யார் பிசைந்தது என்று ஒரு நாளும் கேட்காத அத்தை! கடையென்று வந்துவிட்டால் கைகளுக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை போலும். என் கைக்கு மட்டும் இருந்தது.

நான் கடைக்குப் போகவில்லை. அக்கா குப்பையில் போட்ட காலி டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். துணியால் துடைத்து, என் பொடியை நிரப்பி, மூடியை அழுத்தினேன். கடைக்குப் போய் வரும் நேரம் கணக்காக மாடியில் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினேன்.

அன்றைய கேக் எப்படி உப்பி வந்தது தெரியுமா! அத்தை ஒரு துண்டு தின்றார். இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றார். "பாத்தியா, கடைச் சாமான் கடைச் சாமான்தேன்" என்றார். நான் மாடிக்கு ஓடிப்போய்த் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன். சிரிப்பு எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து பவுடர் வாங்கி வரும் வேலை என்னுடையதாயிற்று. உள்ளே காகித முத்திரை இல்லையே என்று அக்கா ஒருமுறை கேட்டாள். கடைக்காரர் திறந்து காட்டித்தான் கொடுத்தார் என்றேன். அத்தோடு விட்டாள். அந்தக் குடும்பத்தின் ஒவ்வொரு நல்ல நாளிலும் என் கை இருந்தது. அத்தையின் வயிற்றுக்குள்ளும் இருந்தது! இதற்காக நான் வெட்கப்பட வேண்டுமா? மாட்டேன். நீங்கள் என்ன சொன்னாலும் மாட்டேன்.

இதுவரை சொன்னது என் குற்றமல்ல. குற்றம் இனிமேல்தான் வருகிறது.

மாமாவின் அறுபதாம் கல்யாணம் ஐப்பசியில் வந்தது. விடாத மழை. சாயங்காலம் வீட்டில் சொந்தபந்தம் கூடும்போது பெரிய கேக் வெட்டுவதென்று ஏற்பாடு. அக்கா வழக்கம்போல் காலி டப்பாவை அடையாளத்துக்கு என்னிடம் கொடுத்துப் புதிதாக வாங்கி வரச் சொன்னாள். நான் பார்த்தேன்... டப்பா பழசாகிவிட்டிருந்தது. விளிம்பில் மாவுப்பிசுக்கு, அடியில் அக்காவின் விரல் தடம். இத்தனை பேர் வரும் நாளில் யாராவது கண்டுபிடித்துவிட்டால்?

அதனால் கழுவினேன். புதுசு போலப் பளபளக்க வேண்டும் என்று சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன்!

துடைத்தேன்தான். ஆனால் தகரத்தின் அடி மடிப்புக்குள் துணி போகாது. வெயிலும் இல்லை. நாலு துளி ஈரம் உள்ளே தங்கியிருக்க வேண்டும். ஈரம் ஆகாது என்று தெரிந்தவள்... ஒரு சிட்டிகையை வெந்நீரில் போட்டுப் பார்க்கத் தெரிந்தவள்... பார்க்காமலே நிரப்பிக் கொடுத்தேன். பயத்தில் இருந்தவளுக்குப் பொடி நினைவில் இல்லை. டப்பாவின் பளபளப்புத்தான் கண்ணில் இருந்தது.

"லேசாக் கட்டி தட்டியிருக்கு. மழைக்காலம்ல" என்று சொல்லி அக்கா அதைச் சலித்துப் போட்டாள்.

கேக் எழும்பவில்லை. களிமண்ணைத் தட்டி வைத்ததுபோல் அடியிலேயே கிடந்தது. மாமா கத்தியை அழுத்த, உள்ளே பிசுபிசுவென்று ஒட்டியது. வந்திருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள்.

அத்தையின் முகம் சிறுத்துப்போயிற்று. எல்லார் முன்னாலும் அக்காவைப் பார்த்துக் கேட்டார்: "ஏடி ராசாத்தி, நல்லநாளும் அதுவுமா வீட்டுக்குத் தூரமா இருந்துக்கிட்டுத் தொட்டியாக்கும்?"

மாதவிலக்கோடு தொட்டதால் கேக் கெட்டது என்கிறார்! அக்கா கேக் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவள் மகள் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானும் அங்கேதான் நின்றேன், சுவரில் சாய்ந்தபடி, தட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு.

என் கைக்குத் தீட்டு என்று நினைத்த வீட்டை நான் ஏமாற்றினேன். அந்தத் தீட்டு எங்கே போய் விழுந்தது பார்த்தீர்களா? என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்ட ஒரே மனுஷியின் தலையில்!

பொடி கெட்டுவிட்டது அத்தை, அக்கா மேல் தப்பில்லை என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொல்லவில்லை. தட்டுகளை எடுத்துப் போய்த் தொட்டியில் போட்டேன்.

அக்கா அதன்பின் ஓவனைத் தொடவில்லை. பழைய துண்டு போட்டு மூடி வைத்தாள். யார் கேட்டாலும் நேரமில்லை என்பாள். பிறந்தநாள்களுக்குப் பேக்கரியிலிருந்து கேக் வந்தது. நான் ஒவ்வொரு முறையும் அதைத் தின்றேன்.

போன மாதம் அவள் மகள் பிடிவாதம் பிடித்தாள். அம்மா செய்த கேக்தான் வேண்டும் என்று அழுதாள். அக்கா துண்டை உதறிவிட்டு என்னிடம் வந்தாள். "புது டப்பாவாப் பாத்து வாங்கிட்டு வா தேனு. எனக்குப் பயமா இருக்கு."

இந்த முறையாவது கடையில் வாங்கினேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை! அதே பழைய டப்பாவை அடுப்பில் காட்டிச் சூடேற்றிக் காய வைத்தேன். பொடியைக் கலந்து சலித்தேன். வெந்நீரில் போட்டுப் பார்த்தேன். பொங்கி வழிந்தது. அதைத்தான் கொடுத்தேன். கெடுத்த பொடியே அவள் பேரை மீட்டுக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு வெறி.

கேக் உப்பி வந்தது. அக்கா ஓவன் முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"இம்புட்டு நாளும் என் ஒடம்புலதேன் ஏதோ குத்தம்னு இருந்தேன் தேனு. அன்னைக்கி நான் தலைக்கு ஊத்திட்டுத்தேன் அடுப்படிக்கே போனேன். ஆனா அத்தை அப்புடிக் கேக்கவும் எனக்கே சந்தேகமாப் போச்சு. இப்பவும் மாசாமாசம் சாமி ரூமுப் பக்கம் போகவே பயந்துக்கிட்டுக் கெடக்கேன்..."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நாக்கு நுனியில் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம்!

கூடத்தில் அத்தை கேக் தின்றுகொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்துவிடும் என்றுதான் நான் சொல்லவில்லை என்று நினைக்காதீர்கள். அவருக்குத் தெரியட்டும். வாயில் விரலை விட்டு வாந்தி எடுக்கட்டும். அதைப் பார்க்க எனக்கு ஆசைகூட உண்டு.

நான் பயந்தது அக்காவுக்கு. சொன்னபின், நான் பிடித்திருந்த அந்தக் கையை அவள் மெதுவாக உருவிக்கொண்டால்? டப்பாவைத் திறக்கும்முன் அன்றுபோல் ஒரு கணம் அத்தையைத் திரும்பிப் பார்த்தால்? அதை மட்டும் என்னால் தாங்க முடியாது. அதனால் அவள் தன் உடம்பைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்... ஆம், அவ்வளவு கேவலமானவள்தான் நான்.

மன்னிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். உங்களிடம் நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியவளிடமே இன்னும் கேட்கவில்லை.

நேற்று அக்கா மாடிப்படியில் நின்று குரல் கொடுத்தாள்: "தேனு, பவுடர் தீந்துருச்சுத்தா. வரும்போது வாங்கிட்டு வந்துரு."

"சரிக்கா" என்றேன். டப்பா இப்போது என் அடுப்போரம் கவிழ்ந்து காய்ந்துகொண்டிருக்கிறது.