மூன்றுதரம் கூப்பிடாத நீதிமன்றம்

லண்டனில் யாரும் யாரையும் உரத்துக் கூப்பிடுவதில்லை. சின்ன விஷயம்தான். ஆனால் வந்த புதிதில் என்னை அதிகம் தடுமாற வைத்தது குளிரோ சாப்பாடோ அல்ல, இதுதான். டொக்டரிடம் போனால் ஒரு பெண் கதவை அரைவாசி திறந்து, தன் சட்டைப் பொத்தானுக்குச் சொல்வதுபோல ஒரு பெயரைச் சொல்லுவாள். எழும்பாவிட்டால் அடுத்த பெயர். எங்களைத்தானா என்று யோசித்து முடிப்பதற்குள் எங்கள் முறை போய்விடும். ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு விளங்காது, இங்கே இருப்பவர்கள் தங்கள் அனுபவத்தை நினைத்துச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. இந்த வழக்கம் தெரியாமல்தான் என் மனைவியும் மகளும் வந்து இருக்கவேண்டிய வீட்டை ஒரு காலைப்பொழுதில் கோட்டை விட்டேன்.

கோடு கச்சேரி என்கிற நீதிமன்றப் பக்கமே தெரியாத ஆள் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்தில் நான் அரசாங்கப் படவரைஞராக வேலை பார்த்தவன். கட்டடங்களுக்குப் படம் கீறுவது தொழில். குடாநாட்டு நீதிமன்றங்களில் பாதிக்கு மேல் நான் நாடா பிடித்து அளந்தவை. பெரும்பாலும் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போனவை. தடித்த சுவர், உயர்ந்த கூரை, நடுவில் மண்டபம், சுற்றிவரத் தூண் வைத்த விறாந்தை, முற்றத்தில் வேம்பு. வழக்கு மண்டபத்துக்குள், சனம் விறாந்தையில். கோட்டுப் பியோன் வாசலில் வந்து நின்று முற்றத்தைப் பார்த்துப் பெயரை மூன்றுதரம் கூப்பிடுவார். முதல்தரம் தேத்தண்ணிக் கடையில் இருப்பவனின் காதில் விழும். இரண்டாம்தரம் அவன் கிளாசை வைத்துவிட்டு எழும்புவான். மூன்றாம்தரம் வேட்டியைச் சரிசெய்துகொண்டு படியேறுவான். கூப்பிடமுன் உள்ளே எட்டிப் பார்த்தால் பியோன் கலைத்துவிடுவார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோட்டடியில், அதாவது நீதிமன்ற வளவில், ஆட்கள் வெயிலில் நின்று மயங்குகிறார்கள் என்று விறாந்தையை நீட்டச் சொன்னார்கள். அதற்குப் படம் கீறியது நான். புதிதாகப் பத்துத் தூண். மேற்கு மூலையில் "வழக்காளிகள் காத்திருக்கும் இடம்" என்று என் கையாலேயே எழுதினேன். வேலை முடிந்த பிறகு சுகந்தியைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்.

"ஆக்கள் கோட்டடிக்கு வழக்குப் பேச வருவினம். நீங்கள் மனிசிக்குத் தூண் காட்டக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறியள்" என்று சிரித்தாள்.

எண்பத்தைந்தில் நான் லண்டன் வந்தபோது மகள் துளசிக்குத் தவழும் வயது. இங்கே எனக்குக் கிடைத்தது முழு அகதி உரிமை அல்ல, தற்காலிகமாக இருக்க அனுமதி. நான்கு வருஷம் போனபிறகுதான் குடும்பத்தை எடுக்க விண்ணப்பிக்கலாம். அப்போதும் அவர்கள் இருக்க இடம் உண்டு என்று குடிவரவைக் கவனிக்கும் ஹோம் ஒபிசுக்குக் காட்டவேண்டும். ஆகவே கிழக்கு லண்டனில், பிளேஸ்டோவில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறை கிடைத்தபோது மற்ற எல்லாவற்றையும் விட்டு அதைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்காரர் குட்மேய்சில் இருக்கிற எங்கள் ஆள்தான், குணம் அண்ணை என்று எல்லோரும் சொல்லுவார்கள். பெற்றோல் நிலையத்தில் வேலை, மேல்மாடியில் நித்திரை என்று நாலு வருஷம் ஓடியது. இரண்டாவது அறைக்குள் ஒரு பெரிய கட்டிலும் ஒரு சின்னக் கட்டிலும் வாங்கிப் போட்டேன். விண்ணப்பத்தில் அந்த முகவரியை எழுதி அனுப்பினேன்.

அடுத்த வருஷம் குணம் அண்ணை வந்து, "தம்பி, வீட்டை விக்கப்போறன். வெறும் வீடாக் குடுத்தால்தான் வாங்கிறவன் வாங்குவான். வேறை இடம் பார்" என்றார். வேறு இடம் பார்க்கலாம். ஆனால் முகவரி மாறினால் விண்ணப்பம் திரும்ப அடியிலிருந்து தொடங்கும் என்று பயமாக இருந்தது. ஏலாது என்றேன். மாதம் ஒன்று போக, என்னை வெளியேற்றச் சொல்லி அவர் வழக்குப் போட்டிருப்பதாகக் கவுண்டி கோர்ட்டில் இருந்து கடிதம் வந்தது. இலவசச் சட்ட ஆலோசனை சொல்லும் இடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் என் காகிதங்களைப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரர் அந்த வீட்டில் குடியிருக்காதபடியால் சட்டம் உங்கள் பக்கம், போய் நின்றாலே போதும் என்றாள். பெற்றோல் நிலையத்தில் என்னோடு வேலை செய்த மன்னார்ப் பெடியன் அன்ரன் துணைக்கு வருவதாகச் சொன்னான்.

"உங்களுக்கு ஏன் பயம், அண்ணை? நீங்கள்தானே கோடு கட்டின அப்புக்காத்தர்" என்று என்னை வக்கீலாக்கிப் பகிடி பண்ணினான். அந்தப் பகிடியில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பத்தரைக்கு வழக்கு. ஒன்பது மணிக்கே போய்விட்டோம். கட்டடத்தைக் கண்டதும் தொழில்புத்தி வந்துவிட்டது. சிவப்புச் செங்கல், இடையிடையே வெள்ளைக்கல் பட்டி, வாசலுக்கு மேலே சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் பிடித்த அரச இலச்சினை. விக்டோரியா மகாராணி காலத்தில் சாதாரண சனத்தின் சின்னச் சின்ன வழக்குகளுக்கென்று இந்தக் கோர்ட்டுகளைத் தொடங்கினார்களாம். முதலில் சத்திரங்களிலும் நகர மண்டபங்களிலும் நடத்திவிட்டு, பிறகு அரசாங்கத்துப் படவரைஞர்களை வைத்து ஊர் ஊராகக் கட்டினார்கள். ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரு குடும்பச் சாயல். கீழே எழுத்து வேலை நடக்கும் கந்தோர், மேலே வழக்கு மண்டபம். அதே மகாராணி, அதே இலச்சினை, எங்கள் ஊரிலும் அதே ஆட்களின் கைதான். ஒரு பேப்பரும் பென்சிலும் கொண்டுவரவில்லையே என்று கவலைப்பட்டேன். விறாந்தை இல்லை என்பதைக் கவனித்தேன்தான். குளிர்நாட்டுக்கு விறாந்தை எதற்கு என்று அதோடு விட்டுவிட்டேன். விறாந்தை இல்லாத கட்டடத்தில் கூப்பிடுகிறவன் எங்கே வந்து நிற்பான் என்று ஒரு படவரைஞன் யோசித்திருக்கவேண்டும்.

உள்ளே போய்ச் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் என் பெயரைக் கண்டேன். மனம் ஆறியது. உடனே மரியாதையாக வெளியே வந்து வாசற்படியில் நின்றுகொண்டோம். தூறல் மழை. அன்ரன் பிளாஸ்கில் கொண்டுவந்த தேத்தண்ணியை ஊற்றித் தந்தான். பத்தரைக்குக் கொஞ்சம் முந்திக் குணம் அண்ணை ஒரு வழக்கறிஞரோடு வந்தார். என்னைக் கண்டு ஒரு கணம் நின்றார்.

"வந்திட்டீரோ?" என்றார்.

"ஓம் அண்ணை."

எதையோ சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் உள்ளே போனார். அவரை ஏன் பியோன் கலைக்கவில்லை என்று எனக்கு ஆச்சரியம். வழக்குப் போட்டவருக்கு ஏதோ சலுகை என்று அன்ரன் விளக்கம் சொன்னான். பதினொன்று ஆனது. பன்னிரண்டானது. எங்கள் ஊரிலும் வழக்கு இழுபடும் என்பதால் நான் அசையவில்லை. குணம் அண்ணை வெளியே வந்து, எங்களைப் பார்க்காமல் காரில் ஏறிப் போன பிறகுதான் ஏதோ பிழை என்று விளங்கியது. படிகளில் ஓடினேன். மேலே கறுப்பு அங்கி போட்ட ஒரு கிழவர் கையில் பட்டியலோடு நின்றார். வருபவர்களைப் பதிந்து உள்ளே கூப்பிடும் அவரை அஷர் என்பார்கள்.

"நீங்கள் வரவில்லையே" என்றார் அவர், ஆங்கிலத்தில்.

"நான் ஒன்பது மணிக்கே வந்துவிட்டேன், சேர்."

"என்னிடம் வந்து பெயரைச் சொல்லிப் பதியவில்லை. ஆனாலும் ஒருதரம் கூப்பிட்டேன்."

"எங்கே நின்று கூப்பிட்டீர்கள்?"

"இங்கேதான்."

"வெளியே வந்து கூப்பிடவில்லையா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வெளியே தெரு அல்லவா இருக்கிறது?" என்றார். கேலி இல்லை, அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. இருபத்தெட்டு நாளில் வீட்டை விடவேண்டும் என்று தீர்ப்பு. வழக்கு மூன்று நிமிஷத்தில் முடிந்ததாம்.

அன்று பின்னேரம் குணம் அண்ணைக்கு ரெலிபோன் எடுத்துக் கத்தினேன். "நான் வாசலிலை நிண்டது உங்களுக்குத் தெரியும். உள்ளுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அவர் சொன்னார்: "தம்பி, முதன்முதல் நானும் வெளியிலைதான் நிண்டனான். எழுபத்தெட்டிலை. எனக்கும் ஒருத்தரும் சொல்லேல்லை." போனை வைத்துவிட்டார். இப்படி ஒரு கோபம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. ஆனால் அந்தக் குரலில் வெட்கம் இருந்தது. அதைக் கேட்டிருக்காவிட்டால் அவரை வெறுப்பது சுகமாக இருந்திருக்கும்.

மூன்றுதரம் கூப்பிடும் வழக்கத்தையே கப்பலில் ஏற்றிக்கொண்டுவந்து எங்களுக்குத் தந்தவர்கள் இந்த வெள்ளைக்காரர்கள்தான் என்று சட்டம் படித்த ஒருவர் பின்னர் சொன்னார். தந்துவிட்டு, இங்கே எப்போதோ விட்டுவிட்டார்கள். நாங்கள் அதைப் பக்குவமாகக் காப்பாற்றி, திரும்ப இங்கேயே கொண்டுவந்து அகப்பட்டுக்கொள்கிறோம். அந்த நாட்களில் வேலையில் இருந்தாலும் வீட்டில் இருந்தாலும் மூச்சு முட்டியது. ஊருக்குப் போக ஏலாது, சண்டை திரும்பத் தொடங்கிவிட்டது. வேறு நாட்டுக்குப் போக ஏலாது, பாஸ்போட் ஹோம் ஒபிசில். இருக்கிற அறையில் இருக்கவும் ஏலாது. சின்னக் கட்டிலைப் பார்க்காமல் இருக்க இரண்டாவது அறையின் கதவைச் சாத்தி வைத்தேன். ஆலோசனை சொன்ன பெண்தான் திட்டிவிட்டு ஒரு போர்ம் நிரப்பித் தந்தாள். வராததற்குத் தகுந்த காரணம் இருந்தால் தீர்ப்பை நீக்கச் சொல்லிக் கேட்கலாமாம்.

இரண்டாம்முறை அஷரின் முகத்துக்கு நேரே போய் நின்று பெயரைப் பதிந்தேன். நீதிபதி இருந்தது பெரிய மண்டபத்தில் அல்ல, நீளமேசை போட்ட ஒரு சின்ன அறையில். மெலிந்த மனிதர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார்.

"மூன்று மணித்தியாலம் வாசற்படியில் நின்றிருக்கிறீர்கள். ஏன்?"

"கூப்பிடுவீர்கள் என்று, சேர்."

"யார்?"

ஆங்கிலத்தில் எனக்கு அது வரவில்லை. அனுமதி கேட்டுவிட்டு, மேசையில் இருந்த என் போர்மின் பின்பக்கத்தில் படம் கீறினேன். மண்டபம், விறாந்தை, வேம்பு, தேத்தண்ணிக் கடை, பியோன் நிற்கும் வாசல். கை தானாகவே ஓடியது. மேற்கு மூலையில் பழையபடி "வழக்காளிகள் காத்திருக்கும் இடம்" என்று தமிழிலேயே எழுதிவிட்டேன். நீதிபதி கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். குணம் அண்ணையின் வழக்கறிஞர் இருமினார்.

"நல்ல காற்று வரும் போலிருக்கிறது" என்றார் நீதிபதி. பிறகு, முன்னைய தீர்ப்பை நீக்குகிறேன் என்றார்.

அதன்பின் நடந்த விசாரணையில் சட்டம் என் பக்கம் நின்றது. நான் அங்கே குடியிருக்கும்வரை யாரும் என்னை அங்கிருந்து எழுப்ப முடியாது. அன்ரன் மன்னார்ப் பாணியில் ஆட்டிறைச்சிக் கறி சமைத்துக் கொண்டாடினான். குடியிருக்கும்வரை என்ற சொல்லின் பாரம் பிறகுதான் தெரிந்தது. பேர்மிங்ஹாமில் ஒரு கட்டடக் கொம்பனிக்குப் படம் கீற ஆள் தேவை என்று கடிதம் வந்தது. இந்த நாட்டில் என் தொழில் என்னைத் தேடிவந்தது அந்த ஒரே தடவைதான். போனால் அறை போய்விடும், அறை போனால் விண்ணப்பம் போய்விடும். ஏலாது என்று எழுதினேன். கூரை ஒழுகுகிறது, குணம் அண்ணை திருத்தித் தருவதில்லை. ஒழுகும் இடத்தில் வாளி வைத்துக்கொண்டு, வென்றெடுத்த அறைக்குள் இருக்கிறேன்.

வழக்கு முடிந்து இரண்டு கிழமையில், கொழும்புக்கு வந்த யாரோ தபாலில் சேர்த்த சுகந்தியின் கடிதம் கிடைத்தது. ஷெல் விழுந்து வீட்டை விட்டு ஓடிவிட்டார்களாம். "நாங்கள் இப்ப கோட்டடி விறாந்தையிலை இருக்கிறம். கன சனம். இது அப்பா கீறின விறாந்தை எண்டு துளசிக்குச் சொன்னனான். அவள் ஒவ்வொரு தூணாக எண்ணிப்போட்டு, பத்தும் இருக்கெண்டு உங்களுக்கு எழுதச் சொன்னவள்."

நீதிபதிக்குக் கீறிக் காட்டிய அந்தப் படம் எனக்கு வேண்டும் என்று கோர்ட்டுக் கந்தோருக்கு ஓடினேன். அது இனி வழக்குக் கோப்பின் பகுதி, தரமுடியாது என்றாள் கவுண்டரில் இருந்த பெண். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு போட்டோக்கொப்பி எடுத்துத் தந்தாள். லண்டன் கோர்ட்டின் வட்ட முத்திரை வேம்பின்மேல் விழுந்திருந்தது. அதன் பின்பக்கத்தில் மகளுக்கு நாலு வரி எழுதி, கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டேன்.

ஐந்து மாதம் கழித்து அதே தாள் திரும்பிவந்தது. ஊரில் எழுதக் காகிதத்துக்குத் தட்டுப்பாடு, சுகந்தி என் தாளிலேயே மிச்ச இடத்தில் பதில் எழுதியிருந்தாள். படத்தின் மேற்கு மூலையில், நான் எழுதிய எழுத்துக்களைச் சுற்றி நீலப்பேனாவால் ஒரு வட்டம். "நானும் பிள்ளையும் படுக்கிறது இதிலைதான். மழைக்கு நனையாது. நல்லாக் கீறியிருக்கிறியள்."

அந்தத் தாளை இரண்டாவது அறையில், சின்னக் கட்டிலுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். வேம்பின்மேல் லண்டன் முத்திரை, விறாந்தையில் என் மனைவியின் வட்டம். கட்டிலில் விரித்த துணி மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. எங்கள் விண்ணப்பம் வரிசையில் இருப்பதாக ஹோம் ஒபிஸ் எழுதியிருக்கிறது. வழக்காளிகள் காத்திருக்கும் இடத்தில் அவர்கள் காத்திருக்கிறார்கள், நான் இங்கே. இதை எழுதும் இன்றுவரை யாரும் ஒருதரம்கூடக் கூப்பிடவில்லை.